குதிகால் திண்டும் எண்களின் வீச்சும்: மென்திசு உருவகக் கணிப்புகளில் அளவுரு ஆய்வின் பெறுமதி

கேள்வியும் களமும்

சுமை தாங்கும் மென்திசுவின் உள்ளே எழும் தகைவையும் திரிபையும், அதாவது ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசையையும் அவ்விசையால் திசு உருமாறும் விகிதத்தையும், உயிருள்ள மனிதரிடம் நேரடியாக அளப்பதற்கு எளிய வழி இல்லை. தோலின் மேற்பரப்பில் அழுத்த உணரிகளை வைக்கலாம். எலும்பை ஒட்டிய ஆழத்தில் அவற்றைப் பதிப்பது நடைமுறையில் இயலாது. இந்த இடைவெளியை நிரப்பவே கணினியில் திசுவின் உருவத்தை அமைத்து, அதன்மேல் சுமையை ஏற்றி, உள்ளே நிகழ்வதைக் கணக்கிடும் முறை வளர்ந்தது. சிமுலேஷன் என்று வழங்கும் இம்முறை இக்கட்டுரையில் உருவகக் கணிப்பு எனப்படுகிறது. திசுவின் விறைப்பு, தடிமன், சுமையின் அளவு, தொடுபரப்பின் வடிவம் போன்ற உள்ளீட்டு எண்களே அளவுருக்கள். அவற்றை மாற்றி மாற்றி ஒரே கணிப்பைப் பலமுறை ஓட்டி, விடை எந்த எண்ணுக்கு எவ்வளவு அசைகிறது என்று காண்பதே அளவுரு ஆய்வு.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வகையான முடிவுக்கு வந்து சேர்கின்றன: இன்ன அளவுரு முக்கியமானது, இன்னது அத்துணை முக்கியமன்று. அம்முடிவு திசுவைப் பற்றிய கூற்றாகவே வாசிக்கப்படுகிறது. மருத்துவரும் காலணி வடிவமைப்பாளரும் அதை உடலின் இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றனர். அந்த முக்கியத்துவம் உண்மையில் எதன் பண்பு, திசுவினுடையதா, ஆய்வாளர் தேர்ந்தெடுத்த எண்களின் வீச்சினுடையதா, அவர் அளக்க எடுத்துக்கொண்ட விடையினுடையதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. வெளியான அளவீடுகளும் கணிப்புகளும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்குக் கிடைப்பதால் குதிகால் திண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

இக்களத்துக்குத் தமிழகத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் சிதைவதற்கு வலியுணர்வின் இழப்பும் அதனால் கவனிக்கப்படாமல் திரும்பத் திரும்ப ஏறும் அழுத்தமுமே பெருங்காரணம் என்பதை நிறுவியவர்களுள் முதன்மையானவர். மைக்ரோசெல்லுலார் ரப்பர் அடித்தளம் கொண்ட, எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவமனைகளில் அறியப்படும் காலணி அந்தப் புரிதலின் விளைவு. அதே உணர்விழப்பு நீரிழிவிலும் நேர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. பாதத்தின் மென்திசு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது, எந்தக் காலணி அதைக் குறைக்கிறது என்னும் கேள்விகளுக்குக் கணினி தரும் விடை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது இந்த எண்ணிக்கையின் முன் ஏட்டளவிலான ஐயமாக நின்றுவிடுவதில்லை.

திண்டின் அமைப்பும் அதன் கணித உருவமும்

குதிகால் எலும்புக்கும் தோலுக்கும் இடையில் உள்ள திண்டு வெறும் கொழுப்புப் படலம் அன்று. வலுவான நார்த்திசுச் சுவர்கள் சிறுசிறு அறைகளை அமைக்க, அவ்வறைகளுள் கொழுப்பு அடைபட்டிருக்கிறது. சுமை ஏறும்போது கொழுப்பு பக்கவாட்டில் வழிந்தோட முயல்கிறது, சுவர்கள் இழுவிசையால் அதைத் தடுக்கின்றன. எனவே முதலில் எளிதில் அமுங்கும் திண்டு, அமுங்க அமுங்க விரைந்து விறைக்கிறது. மேலும், ஏற்றிய சுமையை இறக்கும்போது ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகக் கழிகிறது. அதாவது விசை எவ்வளவு என்பதோடு அது எவ்வளவு விரைவாக ஏறியது என்பதும் விடையைப் பாதிக்கிறது.

இந்நடத்தையைக் கணக்கிடப் பெரிதும் பயன்படுவது முடிவுறு கூறுமுறை. திசுவின் உருவத்தை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் விசைச் சமநிலைச் சமன்பாட்டை எழுதி, எல்லாவற்றையும் ஒருங்கே தீர்ப்பது இதன் சாரம். ஒவ்வொரு கூறும் எந்த விதிப்படி விறைக்கும் என்று சொல்லும் சமன்பாடு பொருள் மாதிரி எனப்படும். ரப்பரின் பெரும் உருமாற்றத்தை விவரிக்க ரே ஆக்டன் 1972-இல் முன்வைத்த மாதிரி குதிகால் ஆய்வுகளில் மிகுதியாக எடுத்தாளப்படுகிறது. அதன் எளிய வடிவில் இரண்டே எண்கள் உள்ளன: சிறு உருமாற்றத்தில் திசுவின் விறைப்பைச் சொல்லும் மியூ, உருமாற்றம் கூடக்கூட விறைப்பு எவ்வளவு விரைந்து ஏறும் என்பதைச் சொல்லும் ஆல்ஃபா. நார்ச் சுவர்களும் கொழுப்பறைகளும் தனித்தனியே இம்மாதிரியில் இல்லை. அவை யாவும் சேர்ந்து தரும் மொத்த விளைவு மட்டுமே இவ்விரு எண்களுள் திரட்டி வைக்கப்படுகிறது. எனவே இவ்வெண்கள் திசுவின் உறுப்புகளின் பெயர்கள் அல்ல, ஒரு சோதனையின் சுருக்கம் மட்டுமே. பின்வரும் விவாதம் முழுவதற்கும் இவ்வேறுபாடு அடிப்படையாகும்.

எண்கள் எவ்வாறு பெறப்படுகின்றன

ஒரு சோதனையின் சுருக்கம் சோதனையைப் பொறுத்தே அமையும் என்பதற்குக் குதிகால் திண்டின் வரலாறே சான்று. இறந்தோரின் உடலிலிருந்து பிரித்தெடுத்த திண்டை எந்திரத்தில் அமுக்கிச் சோதித்தவர்களும், உயிருள்ள மனிதரின் குதிகாலில் ஊசலை மோதவிட்டு அளந்தவர்களும் நெடுங்காலம் முற்றிலும் மாறுபட்ட விடைகளைப் பெற்றுவந்தனர். உயிருள்ளவரிடம் அளந்த விறைப்பு பல மடங்கு குறைவாகவும், கழிந்த ஆற்றலின் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகவும் இருந்தன. உயிர்த்திசுவுக்கும் உயிரற்ற திசுவுக்கும் உள்ள வேறுபாடு இது என்று கருத இடமிருந்தது. 1995-இல் பீட்டர் ஆர்ட்ஸ், ராபர்ட் கெர், மெக்நீல் அலெக்சாண்டர் உள்ளிட்ட குழுவினர் இரு முறைகளையும் ஒப்பிட்டு இம்முரண்பாட்டைத் தீர்த்தனர். ஊசல் மோதும்போது திண்டு மட்டுமன்றிக் கீழ்க்கால் முழுவதுமே அசைந்து ஆற்றலை உள்வாங்குகிறது. முன்னவர்கள் திண்டின் பண்பு என்று பதிவுசெய்தது, திண்டும் காலும் சேர்ந்த தொகுதியின் பண்பு. இத்தகைய எண்ணை எடுத்துத் திண்டை மட்டும் கொண்ட கணினி மாதிரியில் இட்டால், காலின் அசைவு திண்டின் கணக்கில் தவறாகச் சேர்ந்துவிடும்.

உயிருள்ளவரிடமிருந்தே எண்களைப் பெறும் நம்பகமான வழி, சோதனையையே கணினியில் மீண்டும் நிகழ்த்துவதாகும். கிளீவ்லேண்ட் கிளினிக்கின் அகமத் எர்டெமிர், பீட்டர் காவனா முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரிழிவு உள்ள 20 பேர், அவர்களோடு வயது, பால், உடற்பருமன் ஆகியவற்றில் ஒத்த நீரிழிவற்ற 20 பேர் ஆகியோரின் குதிகால்களை மீயொலிக் கருவியின் முனையாலேயே அமுக்கி, விசையையும் அமுக்கத்தையும் ஒருசேர அளந்தனர். பின்னர் ஒவ்வொருவரின் திண்டுத் தடிமனுக்கும் ஏற்பக் கணினி மாதிரியை அமைத்து, அளந்த வளைகோடும் கணித்த வளைகோடும் பொருந்தும் வரை மியூ, ஆல்ஃபா ஆகியவற்றை மாற்றினர். விடையிலிருந்து உள்ளீட்டைத் தேடுவதால் இது தலைகீழ்க் கணிப்பு எனப்படுகிறது. நீரிழிவற்றோருக்குக் கிடைத்த சராசரி, மியூ 16.45 கிலோபாஸ்கல், ஆல்ஃபா 6.82 என்பதாகும். இவ்விணை அதன்பின் பாதம் பற்றிய பல கணிப்புகளில் எடுத்தாளப்பட்டுள்ளது.

எனினும் ஓர் இணை நன்றாகப் பொருந்துகிறது என்பதனாலேயே அதுதான் ஒரே இணை என்று ஆகிவிடாது. கன அளவு மாறாத பொருளை ஒரே திசையில் அமுக்கும் எளிய நிலைக்கு ஆக்டன் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் இது தெளிவாகும். மேற்சொன்ன சராசரி இணை 40 விழுக்காடு அமுக்கத்தில், தொடக்கப் பரப்பின் அடிப்படையில் ஏறத்தாழ 45.6 கிலோபாஸ்கல் தகைவைத் தருகிறது. ஆல்ஃபாவை 10 ஆக உயர்த்தி மியூவை 10.65 ஆகக் குறைத்தாலும் அதே 40 விழுக்காட்டில் அதே 45.6 கிடைக்கிறது. 20 விழுக்காட்டில் முதல் இணை 11.6, இரண்டாவது 7.8 எனப் பிரிகின்றன. மென்திசு அளவீட்டில் ஏற்படும் இரைச்சலுக்கும் அமுக்குமுனை சிறிது சாய்வதால் நேரும் பிழைக்கும் இடையே இவ்வேறுபாடு மறைந்துபோக வாய்ப்புண்டு. ஆனால் 60 விழுக்காட்டுக்குச் சென்றால் முதலாவது 274 கிலோபாஸ்கலும் இரண்டாவது 520 கிலோபாஸ்கலும் தருகின்றன. சோதனை எட்டிய எல்லைக்குள் இரட்டையர் போலத் தோன்றும் இரு எண்ணிணைகள், எல்லையைத் தாண்டியதும் ஏறத்தாழ இரு மடங்கு விலகி நிற்கின்றன.

அளவுரு ஆய்வுக்கு இதனால் நேரும் விளைவு நேரடியானது. மியூவும் ஆல்ஃபாவும் ஒன்று ஏறினால் மற்றது இறங்கி ஈடுசெய்யும் எண்கள். அவற்றைத் தனித்தனியே, ஒன்றை அசைக்காமல் மற்றொன்றை 20 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் பார்ப்பது, எந்த மனிதரின் குதிகாலுக்கும் பொருந்தாத திசுக்களைக் கணக்கில் கொண்டுவருவதாகும். பொருந்தும் இணைகள் அமையும் ஒடுங்கிய பட்டையைக் கண்டு, அப்பட்டையின் நெடுகே நகர்வதே முறையான ஆய்வு. தடிமனுக்கும் விறைப்புக்கும் இடையேகூட இத்தகைய தொடர்பு இருக்கலாம் என்பதால், அளந்த மனிதர்களின் எண்களை இணைபிரிக்காமல் அப்படியே மாதிரிகளாக எடுத்துக்கொள்வது, சராசரியைச் சுற்றிச் சதுரம் வரைவதைவிட உண்மைக்கு நெருக்கமானது.

ஐந்து மடங்கும் ஏழு விழுக்காடும்

வீச்சு விடையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை இரு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ஜேசன் செயுங், மிங் ஜாங் முதலியோர் 2005-இல் நிற்கும் பாதத்தின் முப்பரிமாண மாதிரியில் மென்திசுவின் விறைப்பை இயல்பு நிலையிலிருந்து ஐந்து மடங்கு வரை உயர்த்தினர். பாதம் தரையைத் தொடும் பரப்பு சுருங்கியது. முன்பாதத்திலும் குதிகாலிலும் உச்ச அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. நீரிழிவில் திசு விறைப்பது உச்ச அழுத்தத்தை உயர்த்துகிறது என்னும் கருத்துக்கு இவ்வாய்வு வலுவான சான்றாக எடுத்தாளப்படுகிறது.

மேலே கூறிய எர்டெமிர் குழுவினரின் அளவீட்டிலோ, நீரிழிவு உள்ளவர்களின் குதிகால் திண்டு தடிமனிலும் விறைப்பிலும் மற்றவர்களிடமிருந்து புள்ளியியல் நோக்கில் கருதத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை. அதே ஆய்வில், தனிமனிதரின் எண்களுக்குப் பதிலாகச் சராசரி எண்களைப் பயன்படுத்தினால் உச்ச அழுத்தக் கணிப்பில் நேரும் சராசரி இருபடி மூலப் பிழை (RMS) அதிக அளவாக 7 விழுக்காடு என்று கண்டறியப்பட்டது. தனிமனித மாதிரி தேவை என்பதற்கு இதையே அவர்கள் ஆதாரமாகக் காட்டினர். ஆனால் இவ்வெண்ணை மறுபுறமிருந்தும் படிக்கலாம். அளக்கப்பட்ட மனிதர்களிடையே உண்மையில் காணப்பட்ட விறைப்பு வேறுபாடுகள் முழுவதும் சேர்ந்தும் உச்ச அழுத்தத்தை அசைத்தது இவ்வளவே.

இரண்டு ஆய்வுகளும் வேறு வேறு மாதிரிகள், வேறு வேறு சுமைநிலைகள். எனவே எண்ணுக்கு எண் ஒப்பிடுவது முறையாகாது. நாற்பது பேரிடம் வேறுபாடு தென்படவில்லை என்பது வேறுபாடே இல்லை என்பதற்கு நிரூபணமும் ஆகாது. முன்பாதத்தின் திசு குதிகாலைப் போலவே நடந்துகொள்ளும் என்று கொள்ளவும் காரணமில்லை. ஆயினும் ஒன்று துலக்கமாகிறது. விறைப்பு என்னும் ஒரே அளவுரு, ஐந்து மடங்கு என்ற வீச்சில் முக்கியமானதாகவும், குதிகாலில் அளக்கப்பட்ட வீச்சில் சிறு திருத்தமாகவும் வெளிப்படுகிறது. இவ்விரண்டில் எது சரி என்று கேட்பதற்கு முன், அந்த ஐந்து மடங்கு எந்த மனிதரிடம், பாதத்தின் எந்தப் பகுதியில், எந்த வேகச் சுமையில் காணப்பட்டது என்று கேட்க வேண்டும். அளவுரு ஆய்வில் மிக அதிக உழைப்பு செலுத்தப்பட வேண்டிய இடம் வீச்சைத் தீர்மானிப்பதே. நடைமுறையில் மிகக் குறைந்த விளக்கத்தோடு கடந்துசெல்லப்படுவதும் அதுவே.

எதை விடையாகக் கொள்வது

செயுங் குழுவினரின் முடிவில் இன்னொரு செய்தியும் உள்ளது. விறைப்பு ஐந்து மடங்கு ஏறியும் உச்ச அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஏறியது ஏன்? நிற்கும் மனிதரின் எடை மாறுவதில்லை. எடையைத் தொடுபரப்பால் வகுத்தால் கிடைப்பது சராசரி அழுத்தம். ஆகவே திசு எவ்வளவு விறைத்தாலும் அழுத்தம் ஏறுவதற்குத் தொடுபரப்பு சுருங்குவதும், அப்பரப்புக்குள் சுமை ஓரிடத்தில் குவிவதும் தவிர வேறு வழியில்லை. சுமையை நிலையாக வைத்துச் செய்யப்படும் எந்தக் கணிப்பிலும் மேற்பரப்பு அழுத்தம் இவ்வாறு கட்டுண்டே இருக்கும்.

அதே திண்டைக் குறிப்பிட்ட தொலைவு அமுக்குவதாகக் கணிப்பை அமைத்தால் நிலைமை தலைகீழாகிறது. வடிவமும் அமுக்கமும் நிலையாக இருக்க, ஆல்ஃபாவை மாற்றாமல் திசுவின் விறைப்பு எண்கள் அனைத்தையும் இரு மடங்காக்கினால் தகைவும் துல்லியமாக இரு மடங்காகும். திரிபோ சிறிதும் மாறாது. அதாவது, சுமையை நிறுத்தினால் விறைப்புக்குப் பெரிதும் அசைவது உருமாற்றம், தொலைவை நிறுத்தினால் பெரிதும் அசைவது தகைவு. திசு ஒன்றே, மாதிரி ஒன்றே. எல்லை நிபந்தனை, அதாவது மாதிரியின் விளிம்பில் எது நிலையாகப் பிடிக்கப்படுகிறது என்னும் தேர்வு மட்டுமே வேறு. விறைப்பின் முக்கியத்துவத்தைத் தீர்மானித்தது அத்தேர்வு.

புண் எங்கே தொடங்குகிறது என்னும் மருத்துவக் கேள்வி இங்கேதான் நுழைய வேண்டும். திசு சிதைவதற்குக் காரணம் மேற்பரப்பின் உச்ச அழுத்தமா, எலும்பை ஒட்டிய ஆழத்தில் ஏற்படும் திரிபா, பக்கவாட்டு உரசலா என்பதைப் பொறுத்து எந்த அளவுரு முதன்மை என்பது மாறும். சென்னை ஐ.ஐ.டி.யில் எஸ். ஜேக்கப்பும் கே.எம். பாட்டீலும் 1999-இல் தசை செயலிழந்த தொடக்கநிலைத் தொழுநோய்ப் பாதத்தின் முப்பரிமாணத் தகைவுகளைக் கணித்தனர்; 2004-இல் பாட்டீலும் உடன் ஆய்வாளர்களும் நீரிழிவுப் பாதத்தின் அடித்திசுக் கடினத்தன்மையையும் தடிமனையும் மாற்றி, புண் உருவாவதன் இயக்கவியலை ஆராய்ந்தனர். மேற்பரப்பு அழுத்தத்தோடு நின்றுவிடாமல் உட்தகைவை விடையாகக் கொண்டது இவ்வாய்வுகளின் சிறப்பு; இன்றைய கணினிகளோடு ஒப்பிட்டால் எளிய கருவிகளைக் கொண்டே எழுப்பப்பட்ட அக்கேள்வி இன்றும் கூர்மை இழக்கவில்லை.

இருபத்தேழு ஓட்டங்களும் அவற்றின் பின்னும்

வடிவமைப்புக்காகச் செய்யப்படும் அளவுரு ஆய்வுக்கு எர்டெமிர், காவனா ஆகியோரின் குழுவிலிருந்தே 2006-இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு தெளிவான எடுத்துக்காட்டு. குதிகால் அழுத்தத்தைக் குறைக்கக் காலணிக்குள் வைக்கும் அடிமெத்தையான இன்சோலின் மூன்று பண்புகள் எடுத்துக்கொள்ளப்பட்டன: மேற்பரப்பு தட்டையா, பாதியளவு குதிகாலின் வடிவை ஒத்ததா, முழுவதும் ஒத்ததா என்பது; தடிமன் 6.3, 9.5, 12.7 மில்லிமீட்டர் என மூன்று; போரோன், மைக்ரோசெல் பஃப் ஆகிய வணிக நுரைப்பொருட்களிலிருந்து மூன்று வகை. எல்லாச் சேர்க்கைகளும் சேர்ந்து 27 கணிப்புகள். வெறுங்காலோடு ஒப்பிடத் தட்டை இன்சோல் 24 விழுக்காடு அழுத்தத்தைக் குறைத்தது. முழுவதும் வடிவொத்த இன்சோலில் இக்குறைப்பு 44 விழுக்காடு வரை சென்றது. வடிவொப்பே மிக முக்கியம், பொருளின் தேர்வு அத்துணை முக்கியமன்று என்பது முடிவு.

இம்முடிவு செருப்புத் தைப்பவருக்குப் பயனுள்ளது, நம்பத்தக்கதும்கூட. காரணம், வீச்சுகள் யாவும் உண்மையில் கடையில் கிடைக்கும் பொருட்களிலிருந்தும் காலணிக்குள் அடங்கும் தடிமன்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. எல்லாச் சேர்க்கைகளும் ஓட்டப்பட்டதால், ஒரு பண்பின் விளைவு இன்னொரு பண்பைப் பொறுத்து மாறுகிறதா என்பதும் தெரியவருகிறது. ஆனால் பொருள் முக்கியமன்று என்னும் வாக்கியத்துக்கு அம்மூன்று நுரைப்பொருட்களே எல்லை. பல ஆண்டுகள் அணிந்து அமுங்கிப்போன ரப்பரையோ கெட்டியான மலிவுச் செருப்பையோ அவ்வாக்கியத்தின் கீழ்க் கொண்டுவர இயலாது.

மூன்று அளவுருக்களுக்கு 27 ஓட்டங்கள் போதும். திசுவின் எண்களையும் சேர்த்து ஆறு அளவுருக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்புகள் என்று விரித்தால் 15,625 ஓட்டங்கள் தேவைப்படும். ஓர் ஓட்டத்துக்கு 20 நிமிடம் என்றால் ஒரே கணினியில் 217 நாட்கள். இச்செலவுக்கு அஞ்சியே பலர் மற்றவற்றை நடுமதிப்பில் நிறுத்தி, ஒன்றை மட்டும் மாற்றும் எளிய வழிக்குச் செல்கின்றனர். ஆந்திரேயா சால்டெல்லியும் பாவ்லா அன்னோனியும் 2010-இல் இதன் குறையை வடிவகணிதத்தால் காட்டினர். ஒவ்வொன்றாக மாற்றும் புள்ளிகள் யாவும், அளவுருக்களின் வீச்சுகள் சேர்ந்து அமைக்கும் பெட்டிக்குள் பொருத்தப்பட்ட கோளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மூன்று அளவுருக்களில் அக்கோளம் பெட்டியின் பாதிக்குச் சற்று மேல், ஆறில் ஏறத்தாழ 8 விழுக்காடு, பத்தில் 0.25 விழுக்காடு மட்டுமே. மீதமுள்ள மூலைகளை, அதாவது மெல்லிய திண்டும் மிகுந்த விறைப்பும் கடினமான தளமும் ஒருங்கே சேரும் நிலைகளை, ஆய்வு தொடுவதே இல்லை. புண் வரும் வாய்ப்பு மிகுந்த பாதம் அத்தகைய மூலையில்தான் இருக்கும்.

இடைப்பட்ட வழிகள் பல பத்தாண்டுகளாகவே உள்ளன. மெக்கே, பெக்மன், கோனோவர் ஆகியோர் 1979-இல் முன்வைத்த இலத்தீன் மிகைக்கனசதுர மாதிரியெடுப்பு, ஒவ்வோர் அளவுருவின் வீச்சையும் சம பகுதிகளாக்கி ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை இடம்பெறுமாறு புள்ளிகளைப் பரப்புகிறது. மாக்ஸ் மோரிஸ் 1991-இல் தந்த முறை, பெட்டிக்குள் பல தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஒவ்வோர் அடியாக நகர்ந்து, விளைவு எங்கும் ஒரே சீராக உள்ளதா, இடத்துக்கு இடம் மாறுகிறதா என்பதைக் காட்டுகிறது. ஆறு அளவுருக்களுக்குப் பத்துப் பாதைகள் எடுத்தால் 70 ஓட்டங்கள், 20 நிமிடக் கணக்கில் ஒரு நாளுக்குள் முடியும். இல்யா சோபல் வகுத்த குறியீடுகள் விடையின் மொத்தச் சிதறலில் ஒவ்வோர் அளவுருவின் பங்கையும் கூட்டுவிளைவின் பங்கையும் பிரித்துத் தருகின்றன. அதற்கு வழக்கமான திட்டப்படி 500 அடிப்படைப் புள்ளிகள் எடுத்தால் 4,000 ஓட்டங்கள், ஏறத்தாழ 56 நாட்கள். முதலில் மோரிஸ் முறையால் அசையாத அளவுருக்களை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றுக்கு மட்டும் சோபல் குறியீடுகளைத் தேடுவதே வசதி குறைந்த ஆய்வகத்துக்கு ஏற்றது. ஆனால் இம்முறைகளின் வழக்கமான வடிவங்கள் அளவுருக்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கின்றன என்பதை மறந்துவிடலாகாது. மியூ, ஆல்ஃபா இணைக்கு அவ்வெடுகோள் பொருந்தாது என்பது முன்னரே காட்டப்பட்டது.

கருவி இல்லை என்று சொல்வதற்கு இன்று இடமில்லை. யூட்டா பல்கலைக்கழகமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வளர்த்துவரும் ஃபெபயோ என்னும் மென்பொருள் உயிரியக்கவியலுக்கென்றே எழுதப்பட்டது. அதன் உள்ளீட்டுக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், ஒரு சிறு நிரலைக் கொண்டு எண்களை மாற்றி நூற்றுக்கணக்கான ஓட்டங்களைத் தானாக நடத்த முடியும்.

தோற்ற ஓட்டங்கள்

தானாக நடத்தும்போது எழும் சிக்கல் ஒன்று முறையியல் நூல்களில் பெறும் இடத்தைவிட அதிக இடம் பெறத்தக்கது. மென்திசுக் கணிப்புகளில் ஒரு பகுதி முடிவை எட்டாமலே நின்றுவிடும். கூறுகள் அளவுக்கு மீறி அமுங்கி உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டுவிடலாம். கன அளவு மாறாத தன்மையை வலிந்து திணிக்கும் எண் மிகப் பெரிதானால் சமன்பாடுகள் தீர்வை நோக்கிக் குவியாமல் போகலாம். தொடுபரப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டியும் விலகியும் அலையலாம். பாதியில் நின்ற ஓட்டமும் அதுவரை கணித்த எண்களைக் கோப்பில் எழுதியிருக்கும். ஓட்டம் முறையாக முடிந்ததா என்று நிரல் சரிபார்க்காவிட்டால், பாதிச் சுமையின் அழுத்தம் முழுச் சுமையின் அழுத்தமாக அட்டவணையில் ஏறிவிடும்.

சரிபார்த்து அவற்றை நீக்கினாலும் சிக்கல் தீர்வதில்லை. தோற்ற ஓட்டங்கள் பெட்டி முழுவதும் சீராகச் சிதறிக் கிடப்பதில்லை; மிக மென்மையான திசுவும் மிகுந்த சுமையும் சேரும் மூலையில், பெரும் திரிபு நிகழும் இடத்தில் குவிகின்றன. அவற்றை ஓசையின்றி நீக்கினால், ஆய்வு அறிய வேண்டிய மூலைகளுள் ஒன்று அறுபட்டு, எஞ்சிய பகுதியின் அமைதி முழுப் பெட்டிக்கும் உரியதாக அறிவிக்கப்படுகிறது. எத்தனை ஓட்டங்கள் தோற்றன, எந்த மதிப்புகளில் தோற்றன என்னும் அட்டவணை, வெற்றி பெற்றவற்றின் வரைபடத்துக்கு இணையான முடிவாகவே கருதப்பட வேண்டும்.

கூறுகளின் நுண்மைக்கும் இது பொருந்தும். கூறுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை நிலைபெறுகிறதா என்று சோதிப்பது கட்டாயம். ஆனால் அச்சோதனை பெரும்பாலும் நடுமதிப்பில் ஒருமுறை செய்யப்பட்டு முடிக்கப்படுகிறது. ஆல்ஃபா 7-இல் போதுமான நுண்மை, தகைவு விரைந்து ஏறும் ஆல்ஃபா 12-இல் போதாமல் போகலாம். அந்நிலையில் வரைபடத்தில் தெரியும் ஏற்றத்தில் எவ்வளவு திசுவினுடையது, எவ்வளவு கூறுகளின் பருமையால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லை.

அறிக்கையிடலும் தீர்ப்பும்

எர்டெமிர், ஜேசன் ஹாலரன், டினா மாரிசன் உள்ளிட்டோர் 2012-இல் உயிரியக்கவியல் கணிப்புகளை எவ்வாறு அறிக்கையிட வேண்டும் என்று விரிவான பரிந்துரைகளை வெளியிட்டனர். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2018-இல் வெளியிட்ட வி அண்ட் வி 40 என்னும் தரநெறி, மருத்துவக் கருவிகளுக்கான கணிப்பின் நம்பகத்தன்மை அதை நம்பி எடுக்கப்படும் முடிவின் ஆபத்துக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று வகுத்தது. இத்தகைய நெறிகள் அளவுரு ஆய்வை ஒரு கட்டமாக ஏற்கின்றன. ஆனால் வீச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கான விளக்கம் இன்னும் ஆய்வாளரின் மனச்சான்றுக்கே பெரிதும் விடப்பட்டுள்ளது.

மேற்கண்ட சான்றுகளின்படி, ஓர் அளவுருவின் முக்கியத்துவம் திசுவில் மட்டும் பொதிந்திருக்கும் பண்பு அன்று. அளந்த மனிதர்கள் யார், எண்கள் இணையாக எடுக்கப்பட்டனவா, சுமை நிறுத்தப்பட்டதா தொலைவு நிறுத்தப்பட்டதா, எது விடையாகக் கொள்ளப்பட்டது, எந்த ஓட்டங்கள் நீக்கப்பட்டன ஆகிய ஐந்தும் சேர்ந்தே அதை ஆக்குகின்றன. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் முக்கியம், முக்கியமன்று என்னும் தீர்ப்பைப் பொதுவிதியாக ஏற்க இயலாது. குதிகாலுக்கான இன்சோலில் வடிவொப்பே முதன்மை என்னும் முடிவு, அக்குதிகாலுக்கும் அம்மூன்று நுரைப்பொருட்களுக்கும் மேற்பரப்பு உச்ச அழுத்தத்துக்கும் உரிய அளவில் உறுதியாக நிற்கிறது. பாதப்புண்கள் மிகுதியாகத் தோன்றும் முன்பாதத்துக்கும், நம் ஊர்களில் தைக்கப்படும் எம்.சி.ஆர். செருப்புக்கும் அதை நீட்ட விரும்புவோர், அந்தப் பாதங்களையும் அந்த ரப்பரையும் புதிதாக அளந்து, கணிப்புகளை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.